ஊர் சுத்திக் காட்டுங்க மாமா!

வெளியூரில் குப்பை கிடந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போய்விடலாம். நம்ம ஊர்க் குப்பைக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரைச் சுற்றிக் காட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்த வலி.

அக்கா மகனுக்கு பெங்களூரில் வேலை. போன வருஷம் குடும்பத்தோடு ரோம் போய்விட்டு வந்தான். "காலையில ஓட்டலை விட்டு இறங்கினா ராத்திரி வரைக்கும் நடைதான் மாமா. கொலோசியம், பாந்தியன், ட்ரெவி ஃபவுண்டன், எல்லாம் நடந்தே பார்த்தோம். நம்ம திருச்சியும் அப்படித்தானே? ஒரு நாள் ஃபுல்லா எங்களுக்கு ஊர் சுத்திக் காட்டுங்க" என்றான். அவன், அவன் மனைவி, பத்து வயசுப் பெண், முழங்கால் வலியோடு என் அக்கா. நாலு பேரும் முந்தின நாள் ராத்திரியே பாலக்கரைக்கு வந்து இறங்கிவிட்டார்கள்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. எனக்குப் பெருமைகூட. ரோமுக்குக் குறைந்த ஊரா இது? ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை இருக்கிறது. நாயக்கர்களின் கோட்டை, தெப்பக்குளம், தர்பார் மண்டபம் இருக்கின்றன. பாதிரியார் ஷ்வார்ட்ஸ் 1766-ல் கட்டின கிறைஸ்ட் சர்ச், ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவை அடக்கம் செய்த நத்தர்வலி தர்கா, கல்கத்தா பிஷப் ஹீபர் 1826-ல் இந்த ஊரில் இறந்துபோக அவரைப் புதைத்த செயிண்ட் ஜான்ஸ் சர்ச். ஆற்றைத் தாண்டினால் திருவானைக்கா, ஸ்ரீரங்கம். ஆயிரத்து நானூறு வருஷம் இந்தக் கொஞ்ச தூரத்துக்குள் அடங்கியிருக்கிறது. வேறென்ன வேண்டும்?

நடப்பதற்கு ஓர் அடி இடம் வேண்டும். அதுதான் இல்லை.

பாலக்கரையில் இருந்து மலைக்கோட்டை ஒன்றும் பெரிய தூரம் கிடையாது. இந்த ஊரில் வளர்ந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பையோடு நடந்த தூரம்தான். காலை ஆறரைக்கே கிளம்பினோம். முதலில் சகாய மாதா கோயில். 1880-களில் எழுந்த கட்டடம், 2006-ல் பசிலிக்கா ஆனது. உள்ளே போய் நிமிர்ந்து பார்த்ததுமே அக்கா மகன், "இத்தாலியில பார்த்த மாதிரியே இருக்கு மாமா" என்றான். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அதே இத்தாலியில் 1680-ல் பிறந்து, இங்கே வந்து தமிழ் படித்து, தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர் இந்தப் பக்கத்து ஏலாக்குறிச்சியில்தான் கோயில் கட்டினார் என்று சின்னப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். பேச்சு சுவாரசியமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் பாலம் வரும் வரைக்கும்.

"தாத்தா, இது சாக்கடையா?"

என்ன சொல்வேன்? உய்யக்கொண்டான் வாய்க்கால் அது. உய்யக்கொண்டான் என்பது ராஜராஜ சோழனின் பட்டப் பெயர். பேட்டைவாய்த்தலையில் காவிரியில் இருந்து பிரிந்து, ஊருக்குள் நுழைந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரைக்கும் எழுபது கிலோமீட்டருக்குக் கிட்ட ஓடுகிற வாய்க்கால். ஆயிரம் வருஷமாக வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. இன்னமும் அதை நம்பி நெல்லும் வாழையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரோமில் இரண்டாயிரம் வருஷத்துப் பழைய நீர்க்கால் ஒன்றின் வழியில்தான் ட்ரெவி ஃபவுண்டனுக்கே தண்ணீர் வருகிறது என்று கைடு சொன்னானாம். உலகமே அங்கே போய்க் காசு போட்டு வேண்டிக்கொள்கிறது. நம்ம வாய்க்காலில் என்ன போடுகிறோம்? கோழி இறகு, தெர்மாகோல், பழைய தலையணை, வீட்டுக் கக்கூஸ் குழாய். பத்து வயசுக் குழந்தை சாக்கடையா என்று கேட்காமல் வேறு எதைக் கேட்கும்? இல்லம்மா, ராஜா வெட்டின வாய்க்கால் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை.

அதோடு போயிற்றா? ரவுண்டானா வந்ததும் அக்கா ஆரம்பித்துவிட்டாள். "இங்கதானேடா சிவாஜி சிலை துணி போட்டு மூடிக்கிடந்துச்சு?" ஆமாம் அக்கா, இங்கேதான். சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த பிள்ளை அவர். இங்கே இருந்து கூப்பிடு தூரம். 2011-ல் பிரபாத் தியேட்டர் பக்கத்து ரவுண்டானாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். வைத்தவர்கள் திறக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் மூடின துணிக்குள்ளேயே நின்றார். வெயிலில் துணி கிழியும், வேறு துணி சுற்றுவார்கள். வெளியூரில் இருந்து வருகிற ஒவ்வொருவரும், யாருங்க அது மூஞ்சியை மூடி வெச்சிருக்கீங்க என்று கேட்பார்கள். சிவாஜி என்று சொல்ல நாக்கு கூசும். கடைசியில் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் திறந்தார்கள். ஒரு சிலையின் துணியை எடுப்பதற்கு ஓர் ஊர் இத்தனை வருஷம் எடுத்துக்கொள்ளுமானால், பிளாட்பாரத்தையும் கக்கூஸையும் பற்றி யாரிடம் போய் முறையிடுவது?

பிளாட்பாரம் என்றேன் இல்லையா? இருக்கிறது. இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. டைல்ஸ் போட்ட பிளாட்பாரமே இருக்கிறது. அதன்மேல் பைக் நிற்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, டீக்கடை பெஞ்சு, ஜவுளிக்கடை பொம்மை, ஃபிளெக்ஸ் போர்டு கட்டின சவுக்குக் கட்டை. டைல்ஸ் பெயர்ந்த இடத்தில் கால் போனால் கணுக்கால் போயிற்று. மனுஷன் எங்கே நடப்பது? ரோட்டில். ரோட்டில் பஸ், லோடு ஆட்டோ, மார்க்கெட்டுக்குப் போகிற காய்கறி வேன். அக்கா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் புடவைத் தலைப்பு. அக்கா மகன் மனைவி குழந்தையைத் தனக்கு உள்பக்கமாக மாற்றி மாற்றி நடக்க வைத்தாள். வாசலையும் சிற்பத்தையும் மேலே நிமிர்ந்து பார்க்கத்தானே வந்தோம்? காந்தி மார்க்கெட் தாண்டும் வரை நாலு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. 1868-ல் தொடங்கிய மார்க்கெட் அது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் அடித்த ஹார்னில் பாதி வார்த்தை முழுங்கிப் போயிற்று.

இதற்குமேல் நடக்க முடியாது என்று ஆட்டோவுக்குக் கை காட்டினோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா மகன் கழுத்தில் கேமரா, குழந்தை தலையில் தொப்பி. பெரிய கடை வீதியைத் தாண்டி இறக்கிவிட ஒரு ரேட் சொன்னார் பாருங்கள், எனக்குத் தலை சுற்றியது. நான் இந்த ஊர்க்காரன்தாங்க என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் ரேட் பாதியாகக் குறைந்தது. அப்படியென்றால் வெளியூர்க்காரன் என்றால் இரண்டு மடங்கா? அதை வெட்கமில்லாமல் முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்கிறோமா? மீட்டர் என்ற பொருள் இந்த ஊர் ஆட்டோவில் ஓடிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

மலைக்கோட்டை. சரி, இதற்காகத்தான் எல்லாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தோம். 417 படி என்பார்கள். அக்கா தாயுமானவர் சந்நிதியோடு நின்றுகொண்டாள். நாங்கள் மேலே ஏறினோம். உச்சிக்குப் போகிற வழியில்தான் அந்தப் பல்லவர் குகை. லலிதாங்குர பல்லவேஸ்வர கிருகம் என்று மகேந்திரவர்மன் தன் பட்டப் பெயரையே வைத்த இடம். உள்ளே ஒரு முழுச் சுவரில் கங்காதரர். சடையில் இறங்குகிற கங்கையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு நிற்கிற சிவன். தமிழ்நாட்டின் ஆரம்பகாலக் கற்சிற்பங்களில் அதுபோல் இன்னொன்றை விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும். நான் நின்று அதைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்களைத் தாண்டி மேலே போனவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தர், ஒரே ஒருத்தர் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டாமா? யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? இந்த ஊரில் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை ஒரு நாள், ஒரே ஒரு நாள், இங்கே கூட்டிவந்து இதுதான் உங்கள் ஊர், இத்தனை பழசு என்று காட்டினவர் யார்? காட்டியிருந்தால் பாறை முழுக்க ஆணியால் கீறின இந்தப் பெயர்கள் இருக்குமா? ஹார்ட் போட்டு அம்பு விட்டு, ரெண்டு பெயர், ஒரு வருஷம். ஆயிரத்து நானூறு வருஷத்துக் கல்லில்.

உச்சியில் நின்றால் எல்லாம் மறந்துபோகும், அது உண்மை. காற்று அடிக்கிறது. வடக்கே காவிரி, அதற்கப்பால் தென்னந்தோப்புக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், அந்தப் பக்கம் கொள்ளிடம். தெற்கே பொன்மலை. அக்கா மகன் பத்து நிமிஷம் பேசவே இல்லை. பிறகு, "ரோம்ல இப்படி ஒரு இடம் இல்ல மாமா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இந்த ஊர் வாய்க்காலையும் ரோட்டையும் எல்லாம் மன்னித்துவிடத் தயாராக இருந்தேன்.

இறங்கினதும் பிரச்சினை ஆரம்பித்தது.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. அவளுக்கும், அக்கா மகன் மனைவிக்கும், குழந்தைக்கும் பாத்ரூம் போக வேண்டும். ஊரின் நடு மையத்தில் நிற்கிறோம். சுற்றிலும் நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை. எங்கே போவார்கள்? கேட்டுக் கேட்டு ஓர் இடத்தைக் கண்டுபிடித்தோம். வாசலில் இலவசம் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் ஆளுக்குப் பத்து ரூபாய் கேட்டார். போர்டைக் காட்டினேன். "அது பழைய போர்டு சார்" என்றார். சரி, முப்பது ரூபாய் போகட்டும். உள்ளே போனவர்கள் போன வேகத்தில் திரும்பினார்கள். தண்ணீர் இல்லை. தாழ்ப்பாள் இல்லை. மற்றதை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா முகத்தைப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை. கடைசியில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து, தேவையே இல்லாத ஒரு டவல் செட்டை வாங்கி, அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் மாடியில் பாத்ரூம் எங்கே என்று கேட்டோம். அறுபத்தெட்டு வயசுப் பெண்மணி, முழங்கால் வலியோடு. இதுதான் நம்ம விருந்தோம்பல்.

ரோமில் மட்டும் என்ன என்று கேட்டேன். ஆற்றாமைதான். அங்கேயும் ஸ்டேஷனில் பாத்ரூமுக்கு ஒரு யூரோ கொடுத்தோம், க்யூவில் கால் கடுக்க நின்றோம், பிக்பாக்கெட்டுக்குப் பயந்து பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டோம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். ஆனால் காசு கொடுத்தால் தாழ்ப்பாள் இருக்கும். தண்ணீர் வரும். இன்னொன்றும் சொன்னார்கள். தெரு முனைகளில் எல்லாம் ஒரு சின்ன இரும்புத் தூண், அதில் இரவும் பகலும் குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1874-ல் ஆரம்பித்து வைத்தது. இன்றைக்கு ரோம் நகரத்தில் அப்படிச் சுமார் 2,500 குழாய். யாரும் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குவதில்லை, பாட்டிலை நீட்டிப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சில் தைத்தது. காவிரித் தண்ணி குடித்து வளர்ந்தவன் என்று எந்த ஊருக்குப் போனாலும் மார்தட்டுகிறவர்கள் நாம்தானே? அப்பூதியடிகள் அப்பர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த கதையைப் பெரிய புராணத்தில் படித்துவிட்டுத்தானே வளர்ந்தோம்? அதையெல்லாம் விடுங்கள். ராணி மங்கம்மாள் இதே ஊரில் இருந்து ஆண்டவர். இன்றைக்கும் கிராமத்துக் கிழவிகள் அவரை எதற்காக நினைக்கிறார்கள்? சண்டை போட்டதற்கா? சாலை போட்டதற்கு. சாலை ஓரம் மரம் வைத்ததற்கு. வழிப்போக்கனுக்குச் சத்திரம் கட்டினதற்கு. முந்நூறு வருஷத்துக்கு முன்னால், முன்பின் தெரியாத ஒருத்தன் நடந்து வருவான், அவனுக்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், படுக்கத் திண்ணை வேண்டும் என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைக்கு இத்தனை துறை, இத்தனை என்ஜினீயர், இத்தனை டெண்டர். எங்கேயாவது ஒரு மேசையில் உட்கார்ந்து, இந்த ஊருக்கு ஒரு பாட்டி வருவாள், அவளுக்கு ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்த ஒரு மனுஷர் உண்டா? என் ஆதங்கம் மொத்தமும் இதுதான். பணம் இல்லாமல் இல்லை. வருகிற ஆளை நினைத்துப் பார்க்கிற மனசு இல்லை.

பணம் இல்லை என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஏர்போர்ட்டுக்கு 1,100 கோடிக்கு மேல் செலவழித்துப் புது டெர்மினல் கட்டினார்கள், 2024 ஜனவரியில் பிரதமரே வந்து திறந்துவைத்தார். முகப்பில் கோபுரம், சுவரெல்லாம் ஸ்ரீரங்கத்து ஓவியம். அழகாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு நிஜக் கோபுரத்தைப் பார்க்கக் கிளம்புகிறவனுக்கு வழியில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

தெப்பக்குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாயக்கர் வெட்டின குளம். அதன் கரையில் ராபர்ட் கிளைவ் தங்கியிருந்த வீடு. கர்நாடகப் போரில் இந்த மலைக்கோட்டையைப் பிடிக்க ஃபிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் மாதக்கணக்கில் முட்டி மோதினார்கள், இந்தியாவின் தலையெழுத்தே மாறிய இடங்களில் இது ஒன்று என்று குழந்தைக்குச் சொன்னேன். "குளம் எங்க தாத்தா?" என்றாள். சுற்றிக் கடை. கடைக்கு முன்னால் தள்ளுவண்டி. இடுக்கில் எட்டிப் பார்த்துத்தான் தண்ணீரைக் காட்டினேன்.

அடுத்தது மங்கம்மாள் மகால். சொக்கநாத நாயக்கர் காலத்துத் தர்பார் மண்டபம், 17-ஆம் நூற்றாண்டு. அரசு அருங்காட்சியகம் அதற்குள்தான் இருக்கிறது. உள்ளே நிமிர்ந்து பார்த்தால் அந்தக் கூம்பும் வளைவும் கண்ணை விட்டு அகலாது. ஆனால் வழி கேட்டால்? நாலு பேரிடம் மகால் என்று கேட்டேன், நாலு பேரும் கல்யாண மண்டபத்துக்கு வழி சொன்னார்கள். டவுன் ஹால் என்று கேட்ட பிறகுதான் கை நீண்டது. கூட்டத்துக்கும் கடைக்கும் நடுவே ஒரு ராஜ மாளிகையையே ஒளித்து வைத்திருக்கிறோம். தெருமுனையில் அம்புக்குறி போட்ட பலகை ஒன்று வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்? இன்னொரு விஷயம், வருகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: வெள்ளிக்கிழமை லீவு. கோயில் பார்க்க ஜனம் அதிகம் வருகிற நாள் எது? வெள்ளிக்கிழமைதானே?

மத்தியானம் இந்த ஊரில் வெளியூர்க்காரன் என்ன செய்வான் என்று நீங்கள் யோசித்ததுண்டா? பெரிய கோயில்களில் நடை சாத்துகிற நேரம். ஆகமம், சம்பிரதாயம், அதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. சாமிக்கும் ஓய்வு வேண்டாமா? ஆனால் அந்த இரண்டு மூன்று மணி நேரம் மனுஷன் எங்கே உட்காருவான்? சித்திரை வெயிலில் திருச்சி எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பார்க்குக்குப் போனோம், மத்தியானத்தில் பூட்டு. காலையிலும் சாயங்காலமும்தான் திறப்பார்களாம். நிழல் தேவைப்படுகிற நேரம் பார்த்து நிழலைப் பூட்டி வைக்கிறார்கள்! கேட் கம்பி வழியாகக் குழந்தை உள்ளே இருந்த ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டே நின்றது. சாப்பிட்டு முடித்த ஓட்டலிலேயே இன்னொரு தடவை காபி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். டேபிளுக்கு ஆள் காத்திருக்கிறார்கள் என்று சர்வர் இரண்டு தடவை வந்து நின்றார். அவர் மேல் தப்பில்லை.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன், நியாயம் வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் வந்துகொண்டே இருக்கிறது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஏறினோம், உட்கார்ந்தோம், போய்ச் சேர்ந்தோம். கண்டக்டர் அக்காவைக் கை பிடித்து ஏற்றிவிட்டார். அன்றைக்கு மரியாதையாக நடந்த ஒரே காரியம் அதுதான். யாரோ ஒருத்தர் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தால் நம்ம ஊரில் அது நடக்கத்தான் செய்கிறது.

காவிரிப் பாலத்தில் போகும்போது குழந்தை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அம்மா மண்டபத்தில் இறங்கிக் கால் நனைக்கலாம் என்று கூட்டிப்போனேன். படித்துறையில் பிளாஸ்டிக் கவர், எண்ணெய்ப் பாக்கெட், தண்ணீருக்குள் சுருண்டு கிடக்கிற பழைய வேட்டி, சேலை. பாவம் போகிறது என்று துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறோம். யார் தலையில் போகிறது அது? காவேரியைத் தாயே என்று கும்பிடுகிற அதே கைதானே இதையும் செய்கிறது? இதற்கு அரசாங்கம் என்ன செய்யும், கார்ப்பரேஷன் என்ன செய்யும்? எனக்கு இதில்தான் அதிகக் கோபம். ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் என் வீட்டு ஆட்கள், உங்கள் வீட்டு ஆட்கள்.

ராஜகோபுரம் முன்னால் போய் நின்றோம். 236 அடி, பதின்மூன்று நிலை. நாயக்கர் காலத்தில் மொட்டையாக நின்றுபோனதை அகோபில மடத்து ஜீயர் முயற்சி எடுத்து 1987-ல் கட்டி முடித்தார். அக்கா மகன் கேமராவைத் தூக்கினான். வலப்பக்கம் நகர்ந்தான், இடப்பக்கம் நகர்ந்தான், குனிந்தான். எப்படிப் பார்த்தாலும் குறுக்கே கேபிள் வயர், பிறந்தநாள் வாழ்த்து ஃபிளெக்ஸ், நிறுத்தி வைத்த வேன். பின்னால் இருந்து ஹார்ன். ஆசியாவிலேயே உயரமான கோபுரங்களில் ஒன்றை ஒரு ஃபோட்டோ எடுக்க, பத்து அடி நிம்மதியாக நிற்கத் தரை கிடைக்கவில்லை.

உள்ளே போனால் வேறு உலகம். அதை நான் வாய் நிறையச் சொல்வேன். 156 ஏக்கர், ஏழு பிராகாரம், இருபத்தொரு கோபுரம். சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாய்கிற கல் குதிரைகளைப் பார்த்ததும் குழந்தை முதல் தடவையாகக் கையை விட்டுவிட்டு ஓடினாள். 2015 கும்பாபிஷேகத்தை ஒட்டி இந்தக் கோயிலில் பெரிய திருப்பணி நடந்தது. பின்னாளில் ஒட்டவைத்த கட்டுமானங்களை எடுத்து, மண் மூடிக்கிடந்த பழைய கல்லை வெளியே கொண்டுவந்து, அந்தக் காலத்து மழைநீர் வடிகாலை மறுபடி வேலை செய்ய வைத்தார்கள். அதற்காக 2017-ல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது கொடுத்தது. பார்த்தீர்களா? நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஸ்தபதி இருக்கிறார், கல்தச்சர் இருக்கிறார், என்ஜினீயர் இருக்கிறார், உபயதாரர் இருக்கிறார். உலகமே மெச்சுகிற மாதிரி செய்துகாட்ட முடியும்.

அப்புறம் ஏன் வெளிச் சுற்றுக்கு வந்ததும் எல்லாம் கைவிட்டுப் போகிறது? அந்த விருது வாங்கின ஆறே வருஷத்தில், 2023 ஆகஸ்டில், கிழக்குக் கோபுரம் ஒன்றின் கீழ் நிலைகளில் ஒரு பகுதி நடுராத்திரி இடிந்து கீழே விழுந்தது. நடுராத்திரி என்பதால் ஆள் தப்பினார்கள். பகலில் அந்த வாசல் வழியாகப் பைக் போகும், ஸ்கூல் ஆட்டோ போகும், பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். விரிசல் அதற்கு முன்பே எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. விழுந்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது. கொள்ளிடத்தில் 1928-ல் கட்டின பழைய இரும்புப் பாலமும் அப்படித்தான். வயசாயிற்று என்று போக்குவரத்தை நிறுத்தினார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். 2018 வெள்ளம் வந்து இடித்துக்கொண்டு போயிற்று. அந்தப் பாலத்தில் சாயங்காலம் காற்று வாங்க நடந்த தலைமுறை ஒன்று இந்த ஊரில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. அதைக் கம்பி கட்டி, நடைபாதையாக்கி, இரண்டு பெஞ்சு போட்டிருந்தால் இன்றைக்கு அக்கா மகனை அங்கேதான் கூட்டிப்போயிருப்பேன்.

2016-ல் இந்தியாவிலேயே மூன்றாவது சுத்தமான ஊர் என்று திருச்சிக்குப் பெயர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பேருக்கு ஃபோன் போட்டுச் சொன்னோம்! அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது விடிகாலையில் துடைப்பம் எடுத்த துப்புரவுப் பணியாளர்கள். அவர்கள் இன்றைக்கும் அதே விடிகாலையில் அதே தெருவைக் கூட்டுகிறார்கள். அவர்கள் கூட்டி முடித்த பத்தாவது நிமிஷத்தில் கவரை வீசுகிறவர்கள் நாம்.

வைகுண்ட ஏகாதசி வந்தால் பாருங்கள். லட்சக்கணக்கில் ஜனம். அந்த நாட்களுக்குத் தற்காலிகக் கழிப்பறை வரும், தண்ணீர்த் தொட்டி வரும், வழிகாட்டிப் பலகை வரும், பார்க்கிங் இடம் பிரித்துக் கொடுப்பார்கள், போலீஸ்காரர் பாட்டிக்குக் கை கொடுப்பார். பத்து நாளில் எல்லாம் மூட்டை கட்டி லாரியில் ஏறிவிடும். அப்படியானால் முடியாமல் இல்லை. மீதி நாட்களில் வருகிறவன் கூட்டமாக வரவில்லை, தனியாளாக வருகிறான். அதனால் அவன் கணக்கில் இல்லை.

சாயங்காலம் வீடு திரும்பும்போது அக்கா மகன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை. "எவ்வளவு இருக்கு மாமா நம்ம ஊர்ல!" என்றான். அவன் மனைவிதான் மெதுவாக, "அடுத்த தடவை அத்தையை வீட்டிலேயே விட்டுட்டுப் போகலாம், பாவம்" என்றாள். அது என்னைக் கொன்றுவிட்டது. இந்த ஊரில் பிறந்து, இந்த மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து, மெயின்கார்டு கேட்டில் வளையல் வாங்கி, இந்த ஊரில் இருந்துதான் கல்யாணமாகிப் போனாள் என் அக்கா. அவளுக்கு இந்த ஊரில் ஒரு நாள் வெளியே சுற்ற வசதியில்லை என்றால், இது யாருடைய ஊர்?

தை மாசம் என் மனைவியின் தம்பி குடும்பம் மதுரையில் இருந்து வருகிறது. கூடவே அவருடைய மாமியார், எழுபது தாண்டியவர். நான் இப்போதே பேப்பர் எடுத்து வழி போட்டுவிட்டேன். எந்தக் கோயில், எந்தச் சர்ச், எந்த மண்டபம் என்று போடவில்லை. மலைக்கோட்டை அடிவாரத்தில் என்னோடு வேலை பார்த்தவர் வீடு ஒன்று இருக்கிறது. திருவானைக்காவில் மனைவியின் சித்தி வீடு. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் பழைய நண்பர் ஒருத்தர். அந்த வீடுகளை ஒட்டி எதெது வருகிறதோ அதை மட்டும்தான் காட்டப் போகிறேன். நண்பருக்கு ஃபோன் போட்டும் சொல்லியாயிற்று: காபி, டிபன் ஒன்றும் வேண்டாம் சார், பெண்கள் நாலு பேர் வருவார்கள், பாத்ரூமை மட்டும் கொஞ்சம் ஒழித்து வையுங்கள்.